அண்ணன் கதவு, தம்பி ரிமோட்

என் கணவரும் அவருடைய அண்ணனும் பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்த சமயத்தில், அமெரிக்காவில் இருந்த என் நாத்தனார் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார் ஷெட் கதவு மோட்டாரைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி மோட்டார், ஒரே மாதிரி ரிமோட். ஒருவருக்கு மட்டும் எதையாவது கொடுத்தால் இன்னொருவர் எத்தனை காலத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

சண்டைக்குக் காரணம் பெரிய இதிகாசம் ஒன்றுமில்லை. கீழ்க்கட்டளையில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில் என் மாமனார் ஒரே காலனியில் இரண்டு மனை வாங்கிப் போட்டார். ஒன்று முதல் தெருவில், மெயின் ரோட்டை ஒட்டி. இன்னொன்று மூன்றாவது தெருவின் கடைசியில். அதற்கு அப்பால் ஏரித் தண்ணீரும் கோரைப்புல்லும்தான். மூத்தவனுக்கு முதல் தெரு, இளையவனுக்கு மூன்றாவது தெரு என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

"மூத்தவன்னா மெயின் ரோடு, எனக்கு மட்டும் தவளையா?" என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார்.

"மெயின் ரோடு வேணும்னா நீ முன்னாடியே பிறந்திருக்கணும்" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் படித்தவர்கள், ஆபீசில் நூறு பேருக்குப் புத்தி சொல்கிறவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் சாக்கடையைப் பார்ப்பார். எனக்கும் என் ஓரகத்திக்கும் இந்தச் சண்டையில் பங்கு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நாங்கள் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று வயிறாரப் பேசிக்கொண்டோம். எனக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு ஆபீசில். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது எங்கள் கார் ஷெட்டுக்கு இரண்டு மரக்கதவுகள் இருந்தன. சுண்டு விரலால் தள்ளினால் திறக்கும், முழங்கையால் இடித்தால் மூடும். இந்தக் குற்றத்துக்காக அவற்றைக் கழற்றி விறகாக்கினார்கள். பம்மலில் ஒரு பட்டறையில் சொல்லி, கூரையை நோக்கி மேலே ஏறுகிற மாதிரி ஒரே தகரக் கதவு செய்து வந்தது. மோட்டாரை மாட்டினார்கள். அமெரிக்க மோட்டாருக்கு நம் ஊர்க் கரண்ட் இரண்டு மடங்கு அதிகம் என்பதால், அதைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. கிரைண்டர் அளவுக்கு இருந்த அது மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க முனகிக்கொண்டே இருந்தது. இவ்வளவும் முடிந்த பிறகு, காருக்குள் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம் என்றார்கள்.

திறக்கலாம்தான். கார் கதவை முட்டிக்கொண்டு நின்றால்.

அந்த ரிமோட் ஒரு கை தூரத்துக்குத்தான் வேலை செய்தது. கொஞ்சம் தள்ளி நின்று அமுக்கினால் ஒன்றும் நடக்காது. சாயங்காலம் என் கணவர் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து இரும்பு கேட்டைத் திறப்பேன். கேட்டுக்கு ரிமோட் கிடையாது, அதற்கு நான் இருந்தேன். கார் உள்ளே வரும். ஷெட் சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது, அதை அமுக்கினாலும் கதவு திறக்கும். நான் அதன் பக்கத்தில்தான் நிற்பேன்.

"தொடாதே! ரிமோட்ல திறக்கறேன்" என்று காருக்குள் இருந்து சத்தம் வரும்.

அமுக்குவார். திறக்காது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி அமுக்குவார். திறக்காது. இறங்கி வருவார், கதவுக்கு எதிரே வந்து நிற்பார், ரிமோட்டைத் தகரத்தில் ஒட்டவைத்து அமுக்குவார். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போகும். என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் மனித குலத்தின் முன்னேற்றம் முழுக்க இருக்கும். மறுபடி நடந்து போய்க் காரில் ஏறிக்கொள்வார். அடுப்பில் ரசம் பொங்கியிருக்கும்.

தூரத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. முதலில் பேட்டரி மாற்றினார். பிறகு அதைவிட நல்ல பேட்டரி. அப்புறம் ஆபீசில் யாரோ ஒரு யோசனை சொன்னார்கள்: ரிமோட்டைத் தாடைக்குக் கீழே ஒட்ட வைத்துக்கொண்டு அமுக்க வேண்டும், அப்போது மண்டையே ஏரியல் மாதிரி வேலை செய்யும், இன்னும் கொஞ்சம் தூரம் பிடிக்கும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் அந்த ஆள் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மண்டை இந்த அளவுக்காவது பயன்படுகிறதே என்று நான் விட்டுவிட்டேன். நிஜமாகவே இரண்டு மூன்று அடி கூடியது. அது தெரிந்ததும் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, வாயை ஆவென்று திறந்து, தாடைக்குக் கீழே கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த எதிர் வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சாருக்குப் பல் வலி இன்னும் சரியாகலையா? தாம்பரத்துல எங்களுக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தர் இருக்கார், நல்லா பிடுங்குவார்."

"இது பல்லோட நிக்கிற வியாதி இல்லீங்க" என்றேன்.

கடைசியில் ஒரு டிவி மெக்கானிக்கை அழைத்து வந்தார். காலனியில் யார் வீட்டில் படம் ஆடினாலும் அந்த ஆள்தான் வருவார். வந்து மோட்டார் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கம்பி தொங்கியது.

"இதான் சார் ஏரியலு. இத்தினூண்டு கீது, அது எப்டி சார் புடிக்கும்? மேல தகரம், கீழ தகரம். மாடில உங்க பழைய டிவி ஆன்டெனா சும்மாதான நிக்குது? கேபிள் இஸ்துட்டீங்க இல்ல? அத்தோட இத்த முடிஞ்சு உட்டா ஏர்போர்ட்டு வரைக்கும் புடிக்கும் சார்."

"ஏர்போர்ட் வரைக்கும் வேண்டாம். தெரு முனை போதும்" என்றார் என் கணவர் பெருந்தன்மையாக.

பழைய ஆன்டெனாவில் காக்கை கூடு கட்டியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, ஒயரை மாடியிலிருந்து சுவரோரமாக இறக்கி, ஷெட்டுக்குள் கொண்டுவந்து மோட்டாரோடு இணைத்தார்கள். என் கணவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டு தெரு முனைக்கு நடந்தார். அங்கிருந்து கையைத் தூக்கினார். கதவு மேலே ஏறியது. மறுபடி தூக்கினார். இறங்கியது. தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் அவர் நடந்து வந்த நடையை, எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

நான் கேட்டைத் திறக்க வெளியே வருவதற்கு முன்பே இப்போது ஷெட் திறந்துவிடும். கேட்டை மட்டும் நான்தான் திறந்தேன்.

இந்தச் செய்தி முதல் தெருவுக்குப் போகாமல் இருக்குமா? அங்கேயும் மோட்டார் மாட்டியாகிவிட்டது, அங்கேயும் ஒரு கை தூரம்தான். ஒரே வித்தியாசம், கணவரின் அண்ணனான என் மூத்தாரிடம் அப்போது கார் இல்லை. எப்போதாவது வாங்கலாம் என்று கட்டிப் போட்ட ஷெட்டில் ஒரு ஸ்கூட்டரும் அரிசி மூட்டையும் இருந்தன. அந்த அரிசி மூட்டைக்காக ரிமோட் கதவு. அவர் தினமும் காலையில் பனியனோடு தெருவில் நின்று ரிமோட்டை அமுக்கிப் பார்ப்பார். திறந்தால் ஒரு அடி பின்னால் நகர்வார். மறுபடி அமுக்குவார். பின்னாலேயே நடந்து ஒரு நாள் பால்காரர் சைக்கிளில் மோதிக்கொண்டார்.

அதே டிவி மெக்கானிக்கைத்தான் அவரும் கூப்பிட்டார்.

"அங்கே என்ன பண்ணினே?" என்று கேட்டிருக்கிறார். 'தம்பி வீட்டில்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"மாடி ஆன்டெனால கட்டுனேன் சார்."

"இங்கே அதைவிட உசரமாக் கட்டு."

மெக்கானிக்குக்கு என்ன வந்தது? பைப்பில் இன்னொரு பைப்பைச் சொருகி, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டுப் போனார். ஓரகத்தி மறுநாள் பஸ் ஸ்டாப்பில் இதைச் சொல்லிவிட்டு, "காத்துல அது ஆடுறப்போ வீடே ஆடுற மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கப்புறம்தான் அதிசயங்கள் ஆரம்பமாயின.

ஒரு நாள் மத்தியானம் வேலைக்கார அம்மாள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாம்மா இது, ஷெட்டுக் கதவு தானா தொறந்துக்கினு கீது! ஒரு ஆள் இல்ல, ஜனம் இல்ல!" நான் போய்ப் பார்க்கும்போது கதவு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே பக்கத்துத் தெரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. என் கணவர் என்னைத்தான் கேட்டார்.

"நீ சுவிட்சைத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? அதைத்தான் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்களே."

"அப்போ வோல்டேஜ் பிராப்ளம்" என்று முடிவு செய்து, மூலையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகத்தோடு பார்த்தார். வேலைக்கார அம்மாள் டிரான்ஸ்ஃபார்மரை எல்லாம் சந்தேகப்படவில்லை. பேய் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஷெட்டின் நிலையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினாள். அதுவும் தன் பங்குக்குத் தொங்கியது.

பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் சொன்னேன்.

"உங்க வீட்லயுமா?" என்றார். "எங்க வீட்ல காலைல இவர் ஆபீசுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கதவு திறந்துக்குது. யாரோ வழியனுப்பற மாதிரி. இவர் வோல்டேஜ்னு சொல்றார்."

"எங்க வீட்லயும் வோல்டேஜ்தான்."

இரண்டு வீட்டிலும் ஒரே வியாதி, ஒரே டாக்டர், ஒரே மருந்து. என் பஸ் வந்துவிட்டது. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. வீட்டில் யோசிப்பதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள் அல்லவா?

இதற்கு நடுவில் என் மூத்தார் கார் வாங்கினார். கார் வாங்கிவிட்டு ஷெட் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஷெட் கட்டிவிட்டுக் கார் வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரிமோட் சும்மா கிடக்கிறதே என்று கார் வாங்கியவர் அவர் ஒருவர்தான். சின்ன வெள்ளைக் கார், சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பூஜை. என் கணவருக்கு அழைப்புக் கிடையாது. ஆனால் ஓரகத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற மாதிரி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்டுப் புடவையைப் பார்த்தும் என் கணவர் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

முதல் தெருவில் நல்ல கூட்டம். காருக்கு மாலை, பானெட்டில் சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். குருக்கள் மந்திரம் சொல்லிப் பூசணிக்காய் உடைத்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள வண்டியை உள்ளே கொண்டுபோய் வச்சிடுங்கோ" என்றார். மூத்தார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரிமோட்டை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி ஒரு அமுக்கு அமுக்கினார். கதவு மேலே ஏறியது. கூட்டத்தில் ஒரு மாமி கை தட்டினார்.

எலுமிச்சம்பழம் நசுங்க, கார் மெதுவாக உள்ளே நுழைந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. அப்போது மேலே இருந்த கதவு இறங்க ஆரம்பித்தது.

"கதவு! கதவு!" என்று நாலு பேர் கத்தினார்கள். அவர் ரிமோட்டைத் தேடுவதற்குள் தகரத்தின் விளிம்பு காரின் கூரையில் 'டொங்' என்று உட்கார்ந்தது. எதிலாவது இடித்தால் கதவு தானாகத் திரும்பி மேலே போய்விடும், பயமே வேண்டாம் என்று நாத்தனார் போனில் சொல்லியிருந்தாள். உண்மைதான். திரும்பிப் போனது. இடித்த பிறகு.

மூத்தார் இறங்கி வந்தார். புதுக் காரின் மண்டையில் ஒரு நீளமான பள்ளம். அவர் அதைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. குருக்கள் நிலைமையைச் சமாளிக்கும் விதமாக, "திருஷ்டி எல்லாம் இதோட கழிஞ்சுது, நல்லதுதான்" என்றார். சொல்லி வாயை மூடவில்லை, கதவு இரண்டாவது தடவை இறங்கியது. இந்த முறை முதல் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு அமுக்கல். ஒன்று திறக்க, ஒன்று மூட. நடுவில் ஒரு கார் பின்னால் வந்து வெளியே நிற்கிற அளவுக்கு நேரம். எங்கள் வீட்டில் இந்த நேரத்துக்குத்தான் கார் கிளம்பும்.

கிளம்பியிருந்தது. மெயின் ரோட்டுக்குப் போக முதல் தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் பழைய கார் புகை விட்டுக்கொண்டு முனையில் திரும்பியது. தினமும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே அந்த வீட்டைக் கடக்கிற என் கணவர், அன்று கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். கூட்டத்துக்கு நடுவில் பட்டுப் புடவையில் நான். வண்டியை நிறுத்தியே விட்டார். மூன்றாவது தெருக் கதவு சரியாக மூடியதா என்று அவருக்குச் சந்தேகம் போலிருக்கிறது, ரிமோட்டை இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

மூத்தார் அந்த ரிமோட்டைப் பார்த்தார். தன் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"நீதானாடா?"

நான்கு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"என்ன நான்தானா?" என்றார் என் கணவர் இறங்கியபடி.

"என் வண்டி மேல கதவை இறக்கினது நீதானா? நல்ல நாள் பார்த்து, நேரம் பார்த்து!"

"எனக்கு வேற வேலை இல்லையா? உனக்கு வண்டி வந்ததே எனக்குத் தெரியாது."

"தெரியாது? உன் பொண்டாட்டி பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கா, உனக்குத் தெரியாது?"

எல்லோரும் என் புடவையைப் பார்த்தார்கள். என் கணவரும் அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"அப்போ என் வீட்டுக் கதவைத் தினம் திறந்து விட்டது யாரு? நாய் வந்து படுக்குது! நீதானே?"

"என் கதவை நான் அமுக்கினேன். உன் கதவு திறந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

"நானும் என் கதவைத்தான் அமுக்கினேன்!"

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். ஏதோ ஒன்று இரண்டு மூளைகளுக்கும் ஒரே சமயத்தில் எட்டியது. ஓரகத்தி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வோல்டேஜ்" என்று மெதுவாகச் சொன்னார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் காரை வெளியே எடுத்தார்கள். அந்த அளவுக்குப் புத்தி மிச்சம் இருந்தது. "இப்போ நீ அமுக்கு பார்க்கலாம்" என்றார் அண்ணன். தம்பி அமுக்கினார். முதல் தெருக் கதவு இறங்கியது. "மறுபடி." ஏறியது. கூட்டம் நன்றாக உற்சாகமாகிவிட்டது, குருக்கள் தட்டை ஓரமாக வைத்துவிட்டு நல்ல இடமாகப் பார்த்து நின்றார். "இப்போ நான்" என்று அண்ணன் தன் ரிமோட்டை வரிசையாக நாலைந்து முறை அமுக்கினார். சற்று நேரத்தில் மூன்றாவது தெருப் பக்கமிருந்து எங்கள் வேலைக்கார அம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"யம்மா, நம்ம வூட்டுக் கதவு மேலயும் கீழயும் ஆடிக்கினு கீதும்மா! எலுமிச்சம்பழத்துக்கே அடங்கல!"

தம்பியின் ரிமோட்டை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது அண்ணனுடைய மாடியில் அண்ணன் உயர்த்திக் கட்டிய ஆன்டெனாதான். அண்ணனுடையதைக் கேட்டது தம்பியுடையது. ஒரு கை தூரம் மட்டும் பிடித்த காலத்தில் இரண்டு கதவுகளும் ஒழுங்காகத்தான் இருந்தன. இதை நான் அங்கேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை, அதற்கு எந்த ஆன்டெனாவும் இல்லை.

"உன் ஆன்டெனாவைக் கழட்டு" என்றார் அண்ணன்.

"நான்தான் முதல்ல கட்டினேன். நீ பார்த்துக் காப்பியடிச்சே. நீ கழட்டு."

"நான் மூத்தவன்."

"அதுக்குத்தான் மெயின் ரோடு கொடுத்தாச்சே!"

நல்ல நேரம் முடிந்துவிட்டது. கார் வெளியிலேயே நின்றது. நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

அன்று ராத்திரியே நாத்தனாருக்கு இரண்டு வீட்டிலிருந்தும் போன் போனது. முதலில் யார் குற்றவாளி என்பதைத்தான் இரண்டு பேரும் சொன்னார்களாம். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "ரிமோட்டுக்குள்ளேயும் மோட்டாருக்குள்ளேயும் வரிசையா குட்டிக் குட்டி சுவிட்ச் இருக்குமே, அதை மாத்தலையா? கம்பெனியிலிருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். நாமதான் நமக்குன்னு மாத்திக்கணும். ரெண்டு பேரும் இன்ஜினியர்தானே?" என்று கேட்டாள்.

"தெரியும், தெரியும்" என்றார் என் கணவர். மூத்தாரும் அதையேதான் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் தோற்றதாக அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை போனது, திங்கட்கிழமை போனது, இரண்டு கதவுகளும் ஒன்றுக்கொன்று சலாம் போட்டுக்கொண்டே இருந்தன. மூத்தார் புதுக் காரைத் தெருவில் விட்டு, மேலே பெட்ஷீட் போர்த்தியிருந்தார். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஓரகத்தி, "நாமளே பண்ணிடலாம்" என்றார். அன்று சாயங்காலம் நான் ஸ்டூலில் ஏறினேன். கொண்டை ஊசியால் மோட்டாருக்குள் ஒரு சுவிட்சைத் தள்ளினேன். ரிமோட்டைத் திறந்து அதிலும் அதே இடத்துச் சுவிட்சைத் தள்ளினேன். அமுக்கினால் திறந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

சற்று நேரத்தில் கதவு தானாக மூடியது.

போன் அடித்தது. "எங்க கதவு நீ அமுக்கினதும் திறந்துச்சு. நீ எதைத் தள்ளினே?" என்றார் ஓரகத்தி.

"முதல் சுவிட்சை. நீங்க?"

"நானும் முதல் சுவிட்சைத்தான்."

யார் மாற்றுவது என்று பேசி வைத்துக்கொள்ள மறந்துவிட்டோம். இரண்டு பேருமே மாற்றியிருக்கிறோம், அதுவும் ஒரே மாதிரி. நான் போனில் சிரித்த சிரிப்பில் என் கணவர் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெண்பிள்ளைகள் கைவைத்தால் இப்படித்தான் ஆகும் என்கிற முகத்தோடு ரிசீவரை வாங்கினார்.

"அண்ணனைக் கூப்பிடுங்க" என்றார்.

மறுமுனையில் மூத்தாரின் குரல் கேட்டது, எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

"என்ன?"

"உன்னோட மூணாவது சுவிட்சைக் கீழே தள்ளு. நான் அஞ்சாவதைத் தள்றேன்."

"ஏன், நான் அஞ்சாவதைத் தள்ளக் கூடாதா?"

"சரி, தள்ளு! நான் மூணாவதைத் தள்றேன்!"

இந்த ஒரு சுவிட்ச் விவகாரம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடியது. "இப்போ அமுக்கு." "அமுக்கிட்டேன்." "எனக்கு அசையலை." "நிஜமா?" "நிஜமாத்தான். உனக்கு?" "எனக்குத் திறந்துச்சு." இதையே இரண்டு பேரும் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் தடவையிலேயே சரியாகிவிட்டது என்பது எனக்கும் ஓரகத்திக்கும் தெரியும். போனை வைக்கச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

அதற்காக மறுநாளே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரிக் கெட்ட பழக்கங்கள் கிடையாது. கொஞ்ச காலம் கதவைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். "மழையில உன்னோட ஒயர் நனையுதா?" "டேப் சுத்தினியா?" என்கிற அளவில். பிறகு பேச்சு தண்ணி லாரிக்கு வந்தது, அங்கிருந்து காலனி ரோட்டுக்கு வந்தது. காரின் பள்ளத்தைத் தட்டி எடுக்க என் கணவர்தான் அண்ணனைப் பம்மலுக்கு அழைத்துப் போனார். போகும்போதும் வரும்போதும் எது குறுக்கு வழி என்று சண்டை.

ஒரு கோடைக்கால சனிக்கிழமை காலை எங்கள் கதவு பாதியில் மாட்டிக்கொண்டது. கார் உள்ளே. மூத்தார் கிரீஸ் டப்பாவோடு வந்தார். வீடு கட்டிக் குடிவந்த பிறகு அவர் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. சுற்றும் முற்றும் பார்த்தார். ஏரிப் பக்கமிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

"இங்கே காத்து ஜாஸ்தியா இருக்கே" என்றார், ஏதோ ஏமாற்றப்பட்டவர் மாதிரி.

"சாயங்காலம் வா, இன்னும் ஜாஸ்தியா இருக்கும்" என்றார் என் கணவர், தவளைகளைப் பற்றி வாயே திறக்காமல்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில் ஏறி நின்று, ஒரே கதவுக்கு ஒரே சமயத்தில் கிரீஸ் தடவ ஆரம்பித்தார்கள். "இந்தப் பக்கம் போதும்." "எனக்குத் தெரியும்." "தெரிஞ்சா ஏன் சட்டையில தடவிக்கிறே?" நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே இறங்காமலே வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது, காரில் கொண்டுபோய் விடுவதாக என் கணவர் சொல்லியிருந்தார். கதவு எப்போது திறக்கும் என்று கேட்டேன். "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருஷ அனுபவத்தில் அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.